குறிப்பிடத்தக்கவர்கள்

நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலருக்குப்
பட்டியல் கேட்டது குழு:
குறிப்பிடத்தக்க பழைய மாணவர்கள் முப்பது பேர்,
ஆளுக்கு ஆறு வரி, ஒரு படம்.
வெள்ளிக்கிழமைக்குள், மேடம்.

ஏற்காட்டில் அந்த வாரம் முழுக்க மூடுபனி.
சில்வர் ஓக் மரங்கள் ஜன்னலுக்கு வெளியே
இருக்கின்றன என்று நம்பிக்கொண்டு
பீரோவைத் திறந்தேன்.

பெரிய ஹாலில் தேக்குப் பலகை இருக்கிறது,
பொன்னெழுத்துப் பெயர்களோடு.
வருகிறவர்கள் அதன் கீழே நின்று படமெடுப்பார்கள்.
என்னிடம் இருப்பவை வேறு:
மருத்துவ அறைப் பதிவேடு, தண்டனைப் பதிவேடு,
கட்டண லெட்ஜர்கள்,
கரையான் விட்டுவைத்த வரை.

மேஜர் ஜெனரல் மாத்தன் ஈப்பன்
பத்து வயதில் இருபத்தியொரு இரவு
படுக்கையை நனைத்திருக்கிறார்.
‘ரப்பர் விரிப்பு வழங்கப்பட்டது’, வார்டன் கையெழுத்து.
நீதிபதி ஞானாதிக்கம்:
பாதிரியார் தோட்டத்து ஆரஞ்சு, நாற்பத்து மூன்று.
ஆறு பிரம்படி.
‘கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.’
இருதய நிபுணர் ஜாபர் மரைக்கார்
தவளையை அறுக்கச் சொன்னபோது மயங்கி விழுந்து
முன்பல் ஒன்றை இழந்தார்.

இதையெல்லாம் ஆறு வரியில் சேர்க்க முடியாது.
விருதுகளைச் சேர்த்தேன்.

என் பெயர் எந்தப் பலகையிலும் வராது.
இது பையன்கள் பள்ளி.
சம்பளப் பதிவேட்டில் இருக்கிறேன், இருபத்தாறு வருஷமாக.

புதன்கிழமை ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம்.
நெவில் ஹார்டிங்.
அப்பா ஜோலார்பேட்டையில் எஞ்சின் டிரைவர்.
குழு கேட்டிருந்த ‘சாதனைகள்’ கட்டத்தைக்
குறுக்குக் கோடு போட்டு அடித்துவிட்டு
பின்பக்கத்தில் எழுதியிருந்தார்:

‘மெல்போர்னில் முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டினேன்.
வழியில் ஒரு பள்ளிக்கூடம்,
நம்முடையது போலவே ஆங்கிலிக்கன் சபை,
அதே கோடு போட்ட டை.
மந்திரிகள், கிரிக்கெட்காரர்கள், ஒரு கவர்னர்
அதில் படித்தவர்கள் என்பார்கள்.
சாயங்காலம் மூன்றரைக்குக் கூட்டமாக ஏறுவான்கள்.
இவன் பெரிய ஆளாவான் என்று
ஒருவனைப் பார்த்தும் எனக்குத் தோன்றியதில்லை.
எல்லாரும் ஒரே சத்தம்தான் போட்டார்கள்,
ஈரக் காலுறை வாசனை வேறு.
என் பெயர் வேண்டாம்.
காரிராமனைப் பற்றி என்ன எழுதப்போகிறீர்கள்?’

யார் காரிராமன்?

1959 லெட்ஜர், அறுபத்தேழாம் பக்கம்.
எண் 214. ஊர் மஞ்சக்குட்டை.
மிஷன் உதவி ஜூலையோடு நிறுத்தம்.
பாக்கி எண்பத்தாறு ரூபாய் நாற்பது நயா பைசா.
பெயர் நீக்கப்பட்டது.
மதிப்பெண் ஏட்டில் கணக்குக்கு நேராக
ஒன்று, ஒன்று, ஒன்று.
அதற்குப் பிறகு
இரண்டாமவன் முதலாவது ஆகிறான்.
(அந்த இரண்டாமவன் நீதிபதி.)

வியாழக்கிழமை பஸ் பிடித்து மஞ்சக்குட்டை போனேன்.
சாமி பெயர் அது, வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது.
ஒரு காரிராமன் போன தையில் இறந்திருந்தார்.
ஒருவர் மகனோடு சேலத்தில், உருக்காலைப் பக்கம்.
மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்
தலை நிமிராமல் சொன்னார்:
‘நான் ரெண்டாவதுதாங்க படிச்சேன்.
படிச்சவன் யாருன்னு தெரியல.’

வெள்ளிக்கிழமை பட்டியலை அனுப்பினேன்.

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்திலிருந்து போன்:
‘மேடம், முப்பதுன்னு சொன்னீங்க, முப்பத்தொண்ணு வருது.
கடைசி ஆளுக்குப் படமும் இல்ல, விஷயமும் இல்ல.
காரிராமன், மஞ்சக்குட்டை, கணக்கில் முதல்.
அவ்ளோதான் இருக்கு.
முக்கால் பக்கம் சும்மா நிக்குதுங்க.
ஜவ்வரிசி மில்காரர் ஒருத்தர் விளம்பரத்துக்குக் காத்திருக்கார்,
போட்டுறட்டுங்களா?’

‘வேண்டாம். அப்படியே விடுங்க.’

‘காலியாவா?’

‘ஆமா.’

‘காலியா விட்டாலும் முழுப் பக்கக் காசு ஆகும், மேடம்.’

குழுவுக்கு இன்னும் தெரியாது.
பில் வந்ததும் என் கையிலிருந்து கட்டினேன்.
ஆனாலும் ரசீதைக் கணக்கில் ஏற்ற வேண்டுமே,
எந்தத் தலைப்பில் என்று
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அச்சுச் செலவு, இல்லை.
நன்கொடை, அதுவும் இல்லை.

பழைய பாக்கி என்று எழுதினேன்.
வரவிலா, பற்றிலா என்பதைத்
தணிக்கைக்காரர் வந்து கேட்கட்டும்.